ஏற்ற இறக்கமில்லாத பாதை

பாலாறு உண்டான நாள் முதல் அதன் வடகரையில் நடந்த மகத்தான நிகழ்ச்சிகள் எவை என்று நாளைய சரித்திர ஆசிரியர்கள் எழுத உட்கார்ந்தால், 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி என்பதை முதலில் எழுதிவிட்டு மற்றதையெல்லாம் இடமிருந்தால் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அந்த நல்ல வேளையில்தான், புதுப்பட்டினம் ஓய்வுபெற்ற அலுவலர் நடைப்பயிற்சி மன்றத்தார் அமைத்த ஆற்றோர நடைபாதை மனித குலத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீளம் ஆயிரத்து இருநூறு மீட்டர். ஏற்ற இறக்கம் கிடையாது. குடும்பத்தோடு நடக்கலாம். இதுவரை நடந்தே பழக்கமில்லாதவர்களும் நடக்கலாம். மூச்சு வாங்காது. 'எவ்வித அபாயமும் அற்றது' என்று அழைப்பிதழில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அர்ப்பணிப்பு முடிந்தபோது இரண்டு மண்டையும் ஒரு மூக்கும் உடைந்திருந்தன. ஒரு முழங்கால் இனி ஆகாது என்று ஆகியிருந்தது. மன்றத் தலைவரின் விரல் ஒன்று, தலைவர் இல்லாமலே, ஐஸ் பெட்டிக்குள் ஏறியிருந்தது.

பக்கத்துக் கிராமமான நெடுங்கழனியின் சின்னப்பொண்ணுக்கு அழைப்பிதழ் வரவில்லை. இத்தனைக்கும் மன்றத் தலைவர் ராகவன் வீட்டில்தான் அவள் காலை ஆறு முதல் பத்து வரை பாத்திரம் தேய்த்து வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். அழைப்பிதழ்க் கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தவளே அவள்தான். ஆனால் மனித குலம் என்று அச்சடிக்கும்போது வேலைக்காரியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பத்து மணிக்கு மேல்தான் அவளுடைய சொந்த வேலை தொடங்கும். ஆற்றங்கரையில் அறுபது சென்ட் நிலம். மணல் கலந்த மண். அந்த மண்ணில் நெல் வராது, நியாயமும் வராது, தர்ப்பூசணி மட்டும் வரும். கார்த்திகையில் குழி எடுத்து விதை போட்டு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினால், மாசி பிறந்ததும் ஒவ்வொரு கொடியிலும் புள்ளத்தாச்சி வயிறு மாதிரி இரண்டு காய் உட்கார்ந்திருக்கும். அவளும் புருஷன் தாமோதரனும் பத்தொன்பது வருஷமாக அந்த அறுபது சென்ட்டை விட்டு நகர்ந்ததில்லை. அவள் மாமனார் காலத்துப் பட்டா ஒன்று, நைலான் பையில் சுற்றி, அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. அவளுக்கு இருந்ததெல்லாம் அவ்வளவுதான். நிலம் போனால் மிச்சம் இருப்பது ராகவன் வீட்டுப் பாத்திரம்.

இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கல் என்றால் என்னவென்று தெரியும். முதலில் ஒரு நாள் ஜீப்பில் நாலு பேர் வந்து தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்றை நட்டுவிட்டுப் போவார்கள். கேட்டால் சும்மா என்பார்கள். ஆறு மாதம் கழித்துச் சிவப்புக் கொடி வரும். பிறகு காகிதம் வரும். பிறகு வேலி. வேலி வந்த பிறகு சும்மா என்று சொன்ன ஆள் வரவே மாட்டான். கடலோரத்து நிலம் அப்படித்தான் போனது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓரத்து நிலம் போனதும் அப்படித்தான். பட்டுப் பட்டு நெடுங்கழனியார் தங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் நட்டால், யார் நட்டது, எதற்கு நட்டது என்ற விசாரணையே கிடையாது. பொழுது சாய்வதற்குள் பிடுங்கி ஆற்றில் போட வேண்டும். பொழுது சாய்ந்தும் நின்ற கல், ஊரார் ஒப்புக்கொண்ட கல்.

ராகவனுக்கும் ஒரு சட்டம் இருந்தது. பக்கத்தில் இருக்கிற அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் இருபத்தேழு வருஷம் பம்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடிதம் போட்டு முப்பது நாளில் பதில் வராவிட்டால், எதிராளிக்கு ஆட்சேபணை இல்லை. பாதை போட அனுமதி கேட்டு அவர் யார் யாருக்கோ கடிதம் போட்டார். யாரும் பதில் எழுதவில்லை. முப்பத்தோராம் நாள், அனைத்துத் துறைகளின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது என்று மன்றத்தில் அறிவித்தார். கைதட்டினார்கள்.

பாதைக்கு நூறு மீட்டருக்கு ஒரு கல். தொடக்கக் கல்லோடு பதின்மூன்று. எதையும் தரமாகச் செய்ய வேண்டும் என்பது ராகவனின் கொள்கை. ஆகவே திருக்கழுக்குன்றம் பக்கத்தில் சர்வே கல் கொத்துகிற அதே மேஸ்திரியிடம், அதே அளவில், அதே கருங்கல்லில் செய்யச் சொன்னார். தலையில் அதே மஞ்சள் பெயின்ட்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி ஆட்களோடு வந்து நட்டார். எண்ணூறு மீட்டருக்கான எட்டாம் கல் தாமோதரன் நிலத்தின் ஆற்றுப்பக்க மூலையில் வந்தது. அப்போது நிலத்தில் தாமோதரன் மட்டும் இருந்தான். நல்ல மனுஷன். யாராவது அவன் காலை மிதித்தால், மிதித்தவருக்கு வழுக்கிவிடப்போகிறதே என்று காலை அசைக்காமல் வைத்திருப்பான். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அவர்களுடைய கடப்பாரை முனை மழுங்கியிருக்கிறது என்று தன் கடப்பாரையையும் கொடுத்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னப்பொண்ணு புல்லுக்கட்டோடு வந்தாள். கல்லைப் பார்த்தாள். புல்லுக்கட்டு தானாகக் கீழே விழுந்தது.

"யோவ், இன்னாயா இது?"

"கல்லு."

"கல்லுன்னு எனக்குக் கண்ணு கீதுய்யா. யாரு நட்டது?"

"மேஸ்திரி வந்தாரு. நீ வேல செய்யற வூட்டு சாரு அனுப்சாராம். நல்ல மாரியா பேசினாரு."

"நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

தாமோதரன் உண்மை பேசுகிறவன். "கடப்பாரை குடுத்தேன்" என்றான்.

அவள் பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்தாள். முதல் அடி முதுகில், இரண்டாவது தோளில், மூன்றாவது கட்டையே இரண்டாகப் போகிற மாதிரி இடுப்பில். அவன் ஓடவில்லை. ஓடினால் கொடியை மிதிக்க வேண்டி வரும். கட்டை முறிந்ததும் அவள் கல்லுக்குப் போனாள். காலால் உதைத்தாள், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து ஆட்டினாள், கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். அடியில் சிமென்ட் போட்டிருந்தார்கள். நகம் இரண்டு பிய்ந்ததுதான் மிச்சம். சூரியன் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கியது. கல் நின்றது.

சனிக்கிழமை காலை ராகவன் வீட்டுச் சமையலறையில், அவர் மனைவி லதா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, சின்னப்பொண்ணு நேராகவே கேட்டுவிட்டாள்.

"அம்மா, ஆத்தங்கரையில கல்லு நட்டுகீறாங்களே, அது இன்னாத்துக்கு?"

"அதுவா? நடக்கறதுக்கு."

"யாரு நடக்கறதுக்கு?"

"சாரும் அவரோட ஃபிரண்ட்ஸும்."

"நடக்கறதுக்குக் கல்லு எதுக்கும்மா? காலு கீதுல்ல?"

"எவ்வளவு தூரம் நடந்தோம்னு தெரியணுமே."

"தெரிஞ்சி?"

லதா கத்தியை நிறுத்தினாள். முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதில்லை. "தெரிஞ்சா... திரும்பி வரலாம்" என்றாள்.

சின்னப்பொண்ணு ஒரு நொடிகூட நம்பவில்லை. பொய் சொன்னாலும் அதில் கொஞ்சம் புத்தி இருக்க வேண்டும். கடலோர நிலத்தில் கல் நட்டபோது வந்த ஆள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத்தான் நடுகிறோம் என்று சொன்னான். அது பொய்தான் என்றாலும் கேட்க மரியாதையாக இருந்தது. வயதான ஆம்பளைகள், படித்தவர்கள், போன இடத்திலிருந்து திரும்பி வருவதற்காக ஆற்றங்கரை முழுக்கக் கருங்கல்லைப் புதைப்பார்கள் என்றால் கேட்கிறவள் கேனச்சியா?

இந்த நேரம் பார்த்து ராகவன் ஈரத் தலையோடு வந்தார். பொதுமக்களிடம் ஆர்வம் வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"அடடே, கல்லைப் பார்த்தியா? எப்படி இருக்கு? அது ஃபேஸ் ஒன் தான். ஃபேஸ் டூல வேலி வருது."

சின்னப்பொண்ணு கையிலிருந்த வாணலி நழுவியது. "வேலியா சார்?"

"ரெண்டு பக்கமும் கம்பி வேலி. மாடு, நாய், பப்ளிக்கு, எதுவும் உள்ள வந்து டிஸ்டர்ப் பண்ணக் கூடாதில்ல? ஃபேமிலியா நடக்கற இடம்."

"என் நெலத்துக்கும் ஆத்துக்கும் நடுவுலயா?"

"ஆத்துக்கு நீ எதுக்குப் போற?"

"தண்ணிக்கு சார்."

ராகவன் நியாயமான மனிதர். மோவாயைத் தடவி யோசித்தார். "ஃபேஸ் த்ரீல ஒரு கேட் வைக்கலாம். காலைல வாக்கிங் டைம் போக, மத்த நேரத்துல சாவி கேட்டு வாங்கிக்கலாம்."

சின்னப்பொண்ணு வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கு எட்டு மணிக்கே கிளம்பினாள்.

ஊரில் அவள் சொன்னதும் கேட்டவர்கள் எல்லாருக்கும் கணக்கு ஒத்துப்போனது. கல், வேலி, சாவி. சும்மா என்று சொல்லாமல் நடக்கறதுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். கொழுந்தன் செல்வராஜ், டெம்போ ஓட்டுகிறவன், உடனே போய்ப் பிடுங்கலாம் என்று குதித்தான். ஆனால் ஆம்பளைகளில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தார்கள். சிமென்ட் போட்ட பதின்மூன்று கல்லுக்குப் பத்துக் கடப்பாரையாவது வேண்டும். சிமென்ட் போட்டு நட்ட கல்லுக்குப் பொழுதுக் கணக்கு கிடையாது என்று ஊரார் தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

"நாளைக்கி லீவு அண்ணி. எல்லாரும் வூட்ல இருப்பாங்கோ. வெடிஞ்சதும் கடசிக் கல்லுலருந்து ஆரம்பிப்போம். ஒண்ணு வுடாம ஆத்துல போடறோம்."

"போடலன்னா?"

"போடலன்னா நான் மீசைய எடுத்துர்றேன்."

"உன் மீசை எனக்கெதுக்கு? எனக்கு என் நெலம் நிக்கணும்" என்றாள் சின்னப்பொண்ணு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தொடக்கக் கல்லருகில் சிவப்பு ரிப்பன். மன்றத்தின் பெயர் போட்ட பனியனும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக நாற்பது பேர். பெண்களும் குழந்தைகளும் தனி. ஒரு பக்கம் பன்னீர் சோடா வைத்த ஐஸ் பெட்டி. சிறப்பு விருந்தினர் செங்கல்பட்டில் எலும்பு முறிவு மருத்துவம் பார்க்கிற டாக்டர் ஜானகிராமன். நடப்பது எலும்புக்கு நல்லது என்று அவர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். நின்றுகொண்டு கேட்டவர்களில் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ரிப்பன் வெட்டப்பட்டது. ராகவன் பேட்டரி ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி முன்னால் நடக்க, ஊர்வலம் ஒன்றாம் கல்லைத் தாண்டியது. ஒவ்வொரு கல்லிலும் அவர் தூரத்தை அறிவித்தார். "முன்னூறு மீட்டர்!" கைதட்டினார்கள். "நானூறு!" கைதட்டினார்கள்.

அதே நேரத்தில் மறுமுனையிலிருந்து நெடுங்கழனிக்காரர்கள் முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒலிபெருக்கி இல்லை. பன்னிரண்டாம் கல் ஆற்றில் போனது. பதினொன்று போனது. பத்தும் ஒன்பதும் போயின. இரண்டு ஊர்வலங்களும் எட்டாம் கல்லில் சந்தித்தன.

ராகவனுக்கு முதலில் விளங்கவில்லை. வரவேற்புக் குழு என்று நினைத்தார். பிறகு செல்வராஜ் தோளில் இருந்த கடப்பாரையையும், பின்னால் குழி குழியாகக் கிடந்த பாதையையும் பார்த்தார்.

"அது மன்றத்தின் சொத்து! கல்லைக் கீழே வையுங்கள்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். எதிரில் நிற்பவன் நாலடி தூரத்தில்தான் இருந்தான்.

"கீழதான் பெர்சு வெக்கிறோம். ஆத்துல" என்றான் செல்வராஜ்.

"சின்னப்பொண்ணு! நீயுமா?"

"ஆமா சார்."

"இது வாக்கிங் போறதுக்கும்மா! சொன்னேனே!"

"போங்க சார். யாரு வோணான்னது? கல்ல வுட்டுட்டுப் போங்க."

"கல் இல்லாம எப்படிப் போறது?"

அவர் இதை உண்மையாகவே கேட்டார். அந்த நாற்பது பேருக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. எதிரில் இருந்த முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு பால் முகத்தோடு சொல்கிறவன் சின்னத் திட்டத்தோடு வந்திருக்க மாட்டான் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

தாமோதரன் எட்டாம் கல்லுக்கு அடியில் மண்வெட்டியைப் போட்டான். ராகவன் ஓடிப்போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தார். சின்னப்பொண்ணு அவர் பனியனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மன்றத்தின் பெயர் பாதியாகக் கிழிந்தது. ராகவன் கையில் இருந்தது ஒலிபெருக்கி. அதைத்தான் ஓங்கினார். அதன் உலோக வாய் அவள் நெற்றியில் இறங்கியது. புருவத்துக்கு மேல் தோல் வாய் பிளந்து, ரத்தம் இடது கண்ணை மூடிக்கொண்டு வழிந்தது. ஒலிபெருக்கி அந்த அடியில் தானாக ஆனாகி, ஊரே கேட்கக் கீச்சென்று கத்தியது.

யார் காலை மிதித்தாலும் அசையாத தாமோதரன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தான். அதன் பின்பக்கத்தால் ராகவன் மண்டையில் ஒரு போடு போட்டான். வழுக்கைத் தலை. சத்தம் துல்லியமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு எது முதலில், எது பின்னால் என்று போலீஸ் எழுதியதும் வக்கீல் எழுதியதும் வேறு வேறு. கையில் கிடைத்தது தர்ப்பூசணிதான். முதலில் எறிந்தது மன்றத்தார். ஆறு கிலோ காய் ஒன்று நெடுங்கழனிக்காரன் ஒருவன் முகத்தில் வெடித்தது. விழுந்தவன் எழுந்தபோது எது பழம், எது மூக்கு என்று தெரியவில்லை. கடப்பாரையின் மழுங்கிய முனையால் ஒரு மன்ற உறுப்பினரின் மண்டை திறந்தது. ரத்தக் கொதிப்புக்காக நடக்க வந்தவர் அவர். கொதிப்பு எல்லாம் வெளியே வந்து சட்டையை நனைத்தது. கொடிகளை மிதித்து, காய்களை மிதித்து, சிவப்புச் சேற்றில் வழுக்கி விழுந்து, விழுந்தவர் மேலேயே ஏறி மிதித்தார்கள். வெள்ளை ஷூக்கள் எல்லாம் ஒரே நிறமாயின. பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்கள். ஒரு தாத்தா மட்டும், தனக்குச் சண்டை சம்பந்தமில்லை என்று, சுற்றிக்கொண்டு போய் மிச்சம் நானூறு மீட்டரையும் நடந்து முடித்தார்.

ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர் செல்வராஜின் காதைக் கடித்தார். கடித்ததோடு விடாமல் பல்லால் பிடித்துக்கொண்டு தொங்கினார். செல்வராஜ் அலறி, அவரை உதறித் தள்ளி, கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து வீசினான். கணக்கு அதிகாரி ஷூ நாடா அவிழ்ந்து தடுக்கி விழுந்தார். அவர் பிழைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவன் தாமோதரன். கடப்பாரை அவன் வலது முழங்காலில் பட்டது.

பச்சைப் பனைமட்டையை முறித்த மாதிரி ஒரு சத்தம். தாமோதரன் கத்தவில்லை. கீழே பார்த்தான். கால் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் இருந்தார்கள். எலும்பு நுனி ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் உட்கார்ந்தான், அதுவும் கொடி இல்லாத இடமாகப் பார்த்து.

"அண்ணே" என்றான் செல்வராஜ். "அண்ணே, ஒன்ன இல்லண்ணே."

சின்னப்பொண்ணு ஒற்றைக் கண்ணால் புருஷன் காலைப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். மண்டை உடைந்த ராகவன் கீழே கிடந்தபடியே இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் சொந்தமாகப் போட்ட ஒரே திட்டம் அது. நிலத்தின் வரப்பில் கொடி கழிக்கிற கொடுவாள் குத்தி நின்றது. அவள் போய் அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வுடு சார்."

"மாட்டேன்."

"கைய எடு சார். வெட்டிருவேன்."

ராகவன் நிமிர்ந்து பார்த்தார். காதிலிருந்து கழுத்து வரை ரத்தம். தலைக்கு மேலே அவர் வீட்டு வேலைக்காரி, கையில் கொடுவாள். இருபத்தேழு வருஷ அதிகாரம் அந்த நேரத்திலும் அவரைக் கைவிடவில்லை.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்" என்றார்.

கொடுவாள் இறங்கியது. கருங்கல்லில் பட்டு நெருப்புப் பொறி பறந்தது. கல்லுக்கும் கொடுவாளுக்கும் நடுவில் இருந்தது அவருடைய இடது கைச் சுண்டுவிரல். அது மணலில் விழுந்து, மோர் மிளகாய் மாதிரி வளைந்து கிடந்தது. ராகவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லை விட்டார். விட்டதும் மயக்கம் போட்டார்.

எட்டாம் கல்லைச் சின்னப்பொண்ணு தனியாளாகப் பிடுங்கினாள். வெள்ளிக்கிழமை அசையாத கல் அன்றைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டாள். முழங்கால் ஆழத் தண்ணீர். மஞ்சள் தலை வெளியே தெரிந்தது. அதையும் புரட்டிக் கவிழ்த்துவிட்டு வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஜானகிராமன்தான் அன்றைக்கு உருப்படியாக இருந்த ஒரே ஆள். சிறப்பு விருந்தினர் பொன்னாடையைக் கிழித்துக் கட்டுப் போட்டார். தாமோதரன் காலுக்கு மட்டை வைக்க ஒன்றும் கிடைக்காமல், பாதையோரம் நட்டிருந்த பலகையைப் பிடுங்கி இரண்டாக உடைத்து வைத்துக் கட்டினார். ஒரு பக்கத்தில் 'குடும்பத்தினருக்கும்' என்றும் மறுபக்கத்தில் 'தொடக்கநிலையினருக்கும்' என்றும் இருந்தது. விரலைக் கைக்குட்டையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்தார். லதா பன்னீர் சோடா பாட்டில்களை எடுத்து இடம் செய்து கொடுத்தாள்.

"ஒட்டுமா டாக்டர்?"

"பாக்கலாம்மா."

பக்கத்தில் இருந்த வண்டி செல்வராஜின் டெம்போ ஒன்றுதான். காதைத் துண்டால் பொத்திக்கொண்டு அவனே ஓட்டினான். பின்னால் ராகவனையும் தாமோதரனையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். ஐஸ் பெட்டி குலுங்காமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தாமோதரன் பிடித்துக்கொண்டான்.

விரல் ஒட்டவில்லை. தாமோதரன் முழங்கால் மடங்கவில்லை. சின்னப்பொண்ணு பதினெட்டு நாள் ரிமாண்டில் இருந்தாள். அவள் வெளியே வருவதற்குள் மிச்சமிருந்த காய்களும் அழுகிப்போயின. மன்றத்தில் எட்டுப் பேர் மீதும் ஊரில் பதினோரு பேர் மீதும் வழக்கு. ஆனாலும் அவள் ஜாமீனில் வந்த அன்றே நேராக நிலத்துக்குத்தான் போனாள். மூலையில் குழி மட்டும் இருந்தது, கல் இல்லை. கோலூன்றி நின்ற புருஷனிடம், "காலு போனா போவுதுய்யா. நெலம் நின்னுச்சி" என்றாள். தாமோதரன் தலையாட்டினான்.

இரண்டு தரப்பும் இது எங்களுக்கு உரிமையான இடம் என்று எழுதிக் கொடுத்ததால், நிலத்தை அளந்து அறிக்கை தரும்படி செங்கல்பட்டில் கோட்டாட்சியர் உத்தரவு போட்டார். மே மாதம், உச்சி வெயிலில், சர்வேயர் கலையரசன் சங்கிலியும் வரைபடமுமாக வந்தார். சின்னப்பொண்ணு நைலான் பையைப் பிரித்துப் பட்டாவை நீட்டினாள். ராகவன் நாலு விரல் கையால் ஒரு கோப்பை நீட்டினார். சர்வேயர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கட்டிலிருந்து மூன்றாவதாக ஒன்றை எடுத்தார். பழுத்துப்போன காகிதம்.

"இது உங்க நெலம் இல்லம்மா" என்றார்.

"பின்ன, இவருதா?"

"இவரோடதும் இல்ல. எழுபத்திநாலுல ஒரு நீரேற்றுத் திட்டத்துக்கு எடுத்தது. இந்தக் கரை பூராவும். அப்புறம் திட்டத்தக் கைவிட்டுட்டாங்க. நெலத்தத் திருப்பித் தரல."

சின்னப்பொண்ணுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இன்னா சார் வெளையாடற? நாங்கதான பத்தொம்பது வருசமா பயிர் வெச்சிகினு கீறோம். எங்க மாமனாரு அதுக்கு முன்னால. எடுத்தாங்கன்னா எங்களுக்குத் தெரியாமயா?"

"கெஸட்டுல போட்டிருக்கு. இவ்வளவு நாளா யாரும் பைலைப் பிரிக்கல. இப்ப கேஸ்னு வந்ததால பிரிச்சோம். இனிமே இதுல பயிர் வைக்கக் கூடாதும்மா. அடுத்த வாரம் வேலி போட்டு போர்டு வைப்பாங்க."

"பாதை?" என்றார் ராகவன்.

"பாதையும் கூடாது சார்."

சின்னப்பொண்ணு புருஷனைப் பார்த்தாள். அவன் கோலின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சர்வேயர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"கல்லு நட்டிருப்பாங்களே சார். எங்க ஊர்ல கல்ல வுட மாட்டோம். நட்ட அன்னிக்கே எங்க மாமனாரு பிடுங்கியிருப்பாரு. பாத்து சொல்லு சார். கல்லு எங்க நட்டாங்கோ?"

சர்வேயர் காகிதக் கட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். மறுபடியும் கடைசியிலிருந்து முதல் வரை புரட்டினார்.

அந்தத் திட்டத்துக்குக் கல் நடவில்லை.